கையில்லாத நாற்காலி

மாமா யாருக்கும் கடையில் வாங்கிப் பரிசு கொடுத்து நான் பார்த்ததில்லை. தான் வைத்திருந்ததைத்தான் கொடுப்பார். அதுவும், வாங்கிக்கொள்கிறவருக்கு அது எதற்கு ஆகும் என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான்.

மாமா என்று சொல்கிறேனே தவிர அவர் எனக்கு உறவில்லை. மாட்டுங்காவில் நாங்கள் இருந்த அதே கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தார். பிறகு செம்பூரில் சொந்த ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனார். வயலின் வாசிப்பவர். கச்சேரி மேடையிலும் சரி, சினிமா ரிக்கார்டிங்கிலும் சரி, அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரிந்துவிடும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சும்மா இருந்த நாட்களில் ஒருநாள் போன் செய்தார். "உனக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுத வரும், எனக்கு வராது. எனக்கு வயலின் வரும், உனக்கு வராது. வந்து சேரு" என்றார். கச்சேரித் தேதி, பிளேன் டிக்கெட், மெயில், பாங்க் வேலை எல்லாம் நான் பார்க்க ஆரம்பித்தேன். செக்ரட்டரி என்று யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால் அவரே சிரித்துவிடுவார்.

முதல் மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒருநாள், நனைந்துபோய் அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா பார்த்துக்கொண்டார். மறுவாரம் ஜப்பானில் யாரோ அவருக்குக் கொடுத்த பெரிய கறுப்புக் குடையை என் கையில் வைத்து, "எனக்குக் காருக்கும் வாசலுக்கும் நடுவுல நாலடி. உனக்கு ஸ்டேஷன்லேர்ந்து நடக்கணும்" என்றார். கச்சேரிக்குக் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த டிரைவருக்குத் தன் பழைய டிரான்சிஸ்டரைக் கொடுத்தார். ஸ்டூடியோ ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து தொண்டை கட்டிப்போன சவுண்ட் என்ஜினியருக்குத் தன் கம்பளி மஃப்ளர். மிருதங்கம் வாசிக்கும் நண்பருக்கு, ரயில் பயணத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளும் ஃபிளாஸ்க்.

மேடையில் போர்த்துகிற பொன்னாடைகளை மட்டும் யாருக்கும் தரமாட்டார். வீட்டில் மலைபோல் குவிந்து கிடந்தன. "ரெண்டு உதவிக்காராளுக்குக் கொடுக்கலாமே மாமா" என்று நான் கேட்டபோது, "எனக்குப் போர்த்தினதைத் தூக்கி அவாளுக்குப் போர்த்தினா அது பரிசு இல்லைடீ, பாரத்தை இறக்கறது" என்றார்.

மாமி காலமான பிறகுதான் மாமாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள். ஒருநாள் ரிகர்சலில் அரைமணி நேரம் வாசித்த ராகத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கூட வாசித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்கள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் போகும், ஆனால் திரும்பாது என்றார். கச்சேரிகளை ஒவ்வொன்றாக நானே மெயில் எழுதி ரத்து செய்தேன்.

கச்சேரி நின்றதும் கொடுப்பது அதிகமாயிற்று. கூரியர் கொண்டுவந்தவனுக்கு வெள்ளி டம்ளர் கொடுத்து அனுப்பினார். லிஃப்ட் ரிப்பேர்க்காரருக்கு ஃபவுண்டன் பேனா. ஏதோ சங்கத்துக்குக் கையெழுத்து வாங்க வந்த அம்மாளுக்கு மாமியின் அரக்குப் பட்டுப்புடவை. அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். இவர் அவள் பையிலேயே திணித்துவிட்டார்.

கனடாவிலிருந்து மகன் போன் செய்தான். அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரே கட்டடத்தில் விளையாடி வளர்ந்தவன்.

"அக்கா, நான் யாரையும் தப்பு சொல்லலை. ஆனா அம்மா சாமானெல்லாம் வீட்டை விட்டுப் போயிண்டிருக்கு. அப்பாவுக்குத் தான் என்ன பண்றோம்னு தெரியலை. நான் இங்கேர்ந்து என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ?"

அவன் குரலில் இருந்தது பேராசையில்லை. அழுகைக்குக் கிட்டத்தில் இருந்தது. நான் ஓர் ஏற்பாடு செய்தேன். வாங்கமாட்டேன் என்று யாராவது சொன்னால் மாமாவுக்குக் கோபம் வருகிறது. எனவே அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், போகும்போது என்னிடமோ சமையல் செய்கிற மாமியிடமோ கொடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்கு வந்துபோகிற எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். திரும்பி வந்ததை, மறைந்த மாமியின் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கூரியர்காரன் டம்ளரைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். லிஃப்ட்காரர், "அச்சா ஹுவா மேடம், டென்ஷன் கயா" என்று பாரம் இறங்கினவர்போல் பேனாவை நீட்டினார். புடவை வாங்கிப்போன அம்மாள் மட்டும் போனை எடுக்கவில்லை.

இப்படி ஓசைப்படாமல் காரியத்தை முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகன், "நீங்க இருக்கறதாலதான் எனக்கு நிம்மதி" என்று மெசேஜ் அனுப்பினான். அதை இரண்டு மூன்று தடவை எடுத்துப் படித்தேன்.

அப்புறம் நாற்காலி.

மாமாவுக்கு முழங்கால் போன பிறகு தரையில் உட்கார்ந்து சாதகம் பண்ண முடியவில்லை. தச்சரை வரவழைத்துத் தனக்கென்றே ஒரு நாற்காலி செய்துகொண்டார். இருபுறமும் கை கிடையாது, வில்லை இழுக்கும்போது முழங்கை இடிக்கக்கூடாது என்பதற்காக. பிரம்புப் பின்னல். முதுகு நேராக, இடுப்பைத் தாங்குகிற அளவுக்குத்தான் உயரம். உட்காரும் பலகை முன்பக்கம் ஒரு மயிரிழை சரிந்திருக்கும். வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல எப்படி மாமா உக்கார்றேள், சாய்ஞ்சுக்க முடியலையே" என்பார்கள். "தூங்கறதுக்குப் பண்ணினது இல்லை" என்பார்.

ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஜன்னலோரம் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் டைனிங் டேபிள் நாற்காலி ஒன்று நின்றது.

"நாற்காலி எங்கே மாமா?"

"டிரைவர்கிட்ட கொடுத்தேன். எடுத்துண்டு போயிட்டான்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குத் திக்கென்றது. அந்த நாற்காலியையும் அறையையும் படம் எடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஓர் இசை அமைப்பு மகனுக்கு எழுதியிருந்தது. அவன் அதில் ரொம்ப ஆசையாக இருந்தான். அதுவும் தவிர, டிரைவருக்கு எதற்கு இந்த நாற்காலி? தாராவியில் ஒரே அறை வீடு என்று எனக்குத் தெரியும். இதையும் டம்ளர், பேனா கணக்கில்தான் சேர்த்தேன்.

டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். மாமாவிடம் ரொம்ப காலம். அதிகம் பேசமாட்டார். கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவரும்படி சொன்னேன்.

துணியை உதறி மடித்தார். "அக்கா, இது ஐயா யோசிச்சுக் குடுத்தாவ. மறந்துபோய்க் குடுக்கல."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறா. உங்களுக்கு மட்டும் தனியா வச்சா மத்தவா என்னைக் கேட்பாளே? கூரியர் பையன்கூடத் திருப்பிக் கொடுத்துட்டான்."

கூரியர் பையன்கூட என்று சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன உடனேயே அது எனக்குத் தெரிந்தது. அவர் முகம் மாறவில்லை. "சரிக்கா" என்றார்.

மாமாவை நான் செக்கப்புக்கு டாக்சியில் அழைத்துப் போன காலையில், டெம்போ வைத்து நாற்காலியைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே போட்டிருந்தார். வீட்டுக்கு வந்த மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலோரம் போய் நின்றார். கொஞ்சநேரம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்தார். நானும் அப்பாடா என்று சமையலறைப் பக்கம் போய்விட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து, அலமாரிச் சாவியை நான் கதவிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. மாமி ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கட்டில்மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். டம்ளர், பேனா, கைக்கடிகாரம், வாட்ச்மேனுக்குக் கொடுத்த ஸ்வெட்டர், கட்டடத்துக் குழந்தைக்குக் கொடுத்த சின்ன மரயானை. எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"நான் கொடுத்ததெல்லாம் திரும்பி வந்துடுத்து" என்றார். கோபமே இல்லை. கச்சேரிக்கு யாரும் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். "யாருக்கும் பிடிக்கலையா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகன் கவலைப்பட்டான், நான்தான் வாங்கி வைத்தேன் என்றால் கத்தியிருப்பார். கத்துவார் என்ற பயமா, மகனை மாட்டிவிடக் கூடாது என்ற நினைப்பா, என் ஏற்பாடு கலைந்துபோகும் என்ற எரிச்சலா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாயில் சட்டென்று வந்தது இதுதான்:

"நீங்க எதையும் கொடுக்கவே இல்லையே மாமா. எல்லாம் இங்கேயேதான் இருக்கு. கொடுக்கணும்னு நெனச்சிண்டு இருந்திருப்பேள்."

என்னையே பார்த்தார். "நாற்காலி?"

"அதுவும் ஜன்னல்கிட்டதானே எப்பவும் இருக்கு."

மெதுவாகத் தலையை ஆட்டினார். மரயானையை எடுத்து, அதன் தும்பிக்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "எடுத்து வை. நெஜமாக் கொடுத்தாப்பலயே இருக்கு எனக்கு" என்றார்.

அன்றோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். மகன் நினைத்ததும் நான் நினைத்ததும் நடந்துவிட்டது. ஆனால் வேறு ஏதோ தொடங்கியிருந்தது. எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். "காலம்பற காபி குடிச்சேனோ?" "குடிச்சேள்." "குடிச்சேனா, குடிக்கணும்னு நெனச்சேனா?" வயலினைத் தோளில் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டு, கீழே வைத்துவிடுவார். இதை வாசித்துவிட்டேனா இனிமேல்தான் வாசிக்கப் போகிறேனா என்று சமையல் மாமியிடம் கேட்டாராம். நோய் முற்றுகிறது என்று மகனிடம் சொன்னேன். டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

அதே சமயத்தில் டிரைவரும் வேலைக்கு வரவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் வராததால் நானே போய்ப் பார்க்கக் கிளம்பினேன். நான் இருக்கும் மாட்டுங்காவிலிருந்து தாராவி எத்தனை தூரம்? பஸ்சில் ஏறினால் உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டியதுதான். அந்த வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை.

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு மாவுக் கடையில் விசாரித்து, சந்துக்குள் நுழைந்து, இரும்பு ஏணி ஏறினேன். டிரைவர் வீட்டில் இல்லை. எங்கேயோ டாக்சி ஓட்டப் போயிருந்தார். அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து ஸ்கூல் யூனிஃபார்முக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைக் காலர்கள் கட்டுக்கட்டாக. அவள் உட்கார்ந்திருந்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வாங்கக்கா" என்று எழுந்திருக்க முயன்றாள். முகம் வலியில் சுருங்கியது.

"உக்காருங்கோ, உக்காருங்கோ. என்ன உடம்புக்கு?"

"முதுகுதான். பழைய நோவுதான். அந்த நாக்காலி இருந்தப்ப நல்லாருந்திச்சு."

நான் புரியாமல் பார்த்தேன். அவள் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஐயா காருல போகும்போது இவுகள்ட்ட கேட்டாவளாம், ஒன் வீட்டுக்காரி எதுல உக்காந்து தைக்கான்னு. ஸ்டூல்லதான்யா, நாக்காலி போட்டா ரெண்டு பக்கமும் கை இடிக்கும், துணி தள்ள வராதுன்னு இவுக சொல்லிருக்காவ. ஐயா ஒண்ணுஞ் சொல்லலியாம். மறுநாளு, இந்தா இதுக்குக் கையே இல்ல, கொண்டு போன்னு குடுத்துட்டாவ." சிரித்தாள். "உக்காந்து பாத்தா எனக்குன்னே செஞ்ச மாரி இருந்திச்சுக்கா. முன்னால லேசாச் சரிவு வேற. மெஷினுக்கு அதான வேணும்?"

அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அதே காரில்தான் இருந்தேன். சயான் சிக்னலில் நின்றிருந்தோம். மாமாவின் சோதனை ரிப்போர்ட் விஷயமாக போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் அவர்கள் நாற்காலி, கை என்று ஏதோ பேசியது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, நான் கேட்கவில்லை.

"நான்தான் திரும்பிக் கொண்டுவரச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்க்கா. சொன்னாவ. ஒங்க மேல வருத்தமில்ல, ஐயா வீட்டுப் பொருளுதான." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகுதான் மெல்லச் சொன்னாள். "சந்துலதான் சங்கடமாப் போச்சு. நாக்காலி வந்தன்னிக்கி எல்லாம் வந்து பாத்தாவ. சினிமாவுல வயலினு வாசிக்கவக உக்காந்த நாக்காலின்னு போட்டோ வேற எடுத்தாவ. பெறவு டெம்போவுல ஏத்திட்டுப் போவயில, 'ஏன் தாயி, கேக்காம எடுத்தாந்துட்டாரோ'ன்னு சிரிச்சிட்டே கேக்காவ. செம்பூர்ல வாட்ச்மேனும் 'க்யா பாய், வாபஸ் கர்னா படா?'ன்னு கேட்டானாம், திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சான்னு. அதோட இவுக அங்க போவமாட்டேன்னுட்டாவ."

டீ போடுகிறேன் என்றவளைத் தடுத்துவிட்டு இறங்கி வந்தேன். பஸ்சுக்கு நிற்கவில்லை. நடந்தேன். அவள் சொன்னதைவிட வேறொன்று என்னை அரித்தது. மாமாவுக்கு அன்று எதுவும் மறக்கவில்லை. ஒரு பேச்சைக் கேட்டு, மனசில் வைத்து, தன் வீட்டில் இருக்கிற பொருள்களிலேயே அந்த உடம்புக்குப் பொருந்துகிற ஒரே பொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படி முழுப் புத்தியோடு செய்த ஒன்றைத்தான், நீ செய்யவே இல்லை என்று நான் அவரிடமே சொல்லி நம்ப வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். சமையல் மாமியைக் கடைக்கு அனுப்பினேன்.

"மாமா, அன்னிக்கு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

"என்னிக்கு?"

"அலமாரியைத் திறந்து எல்லாத்தையும் பரப்பி வச்சிண்டிருந்தேளே. நீங்க எல்லாத்தையும் கொடுத்தேள். நெஜமாவே கொடுத்தேள். நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டேயிருந்தும் திரும்ப வாங்கி வச்சேன்."

அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஞாபகம் இருக்கக்கூடாது என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். டம்ளரை டபராவில் வைத்தார்.

"அப்போ நான் கொடுத்தேன்."

"ஆமாம்."

"நாற்காலி?"

"டிரைவர் ஆத்துக்காரிக்கு. முதுகுவலிக்கு."

"அதான். மெஷினுக்கு." விரலால் தொடையில் தட்டினார். "வெள்ளி டம்ளர்?"

"கூரியர் பையனுக்கு."

"கூரியர் பையனுக்கு எதுக்குடீ வெள்ளி டம்ளர்?" என்றார். இருவருமே சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் சிவந்தது. "அது புத்தி கெட்டுக் கொடுத்தது. ஒத்துக்கறேன். நாற்காலி அப்படி இல்லை. நீ என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். கொடுக்காதேங்கோன்னு கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன், தீர்ந்துபோயிருக்கும். என்னை நானே நம்பாம பண்ணிட்டியே. இத்தனை நாளா வில்லைக் கையில எடுத்தா, இது நெஜமா நெஜமான்னு பார்த்துண்டிருக்கேன் நான்."

தன் மகள் வயதுப் பெண்ணை அதட்டுவதுபோல் அவர் அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் புரிய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் மன்னிச்சிடுங்கோ என்றேன். அவர் டபராவைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

டிரைவருக்கு அவரே போன் செய்தார். நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னார். மறுமுனையில் டிரைவர் பேசியது எனக்கும் கேட்டது. "வேண்டாங்கய்யா. வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சுன்னா இன்னும் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ. அவளும் வேண்டாம்னு சொல்லுதா."

"சரி, அப்போ நானே கொண்டுவரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். டிரைவர் வந்து காரை எடுத்தார். ஐயா வருகிறேன் என்று சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. மெயின் ரோட்டில் காரை நிறுத்தினார். நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தார். அன்றைய பேச்சுக்குப் பிறகு அப்போதுதான் அவர் கை என்மேல் பட்டது. வழுக்காமல் இருக்கத்தான் பிடித்தார்.

இரும்பு ஏணியில் அவரால் ஏற முடியாது. சந்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ ஒரு பையன் போனில் அவர் வாசித்த ஒரு பாட்டைத் தேடிப் போட்டுவிட்டான். மாமா அவனைப் பார்த்து, அணைக்கச் சொல்லிக் கையசைத்தார். டிரைவரின் மனைவி, புடவையில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தாள்.

மேடையில் பேசுகிற குரலை எடுத்தார் மாமா. "இந்த நாற்காலியை நான் இந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். இவா எடுத்துண்டு வரலை. எங்காத்துல ஒரு தப்பு நடந்துபோய் இது திரும்பி வந்துடுத்து. தப்பு எங்களோடது."

எங்களோடது என்றார். உன்னோடது என்று என்னைக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

பிறகு எழுந்து நின்று, "உக்காரு" என்றார் அவளிடம். அவர் நிற்க, தான் உட்காருவதா என்று அவள் தயங்கினாள். "நீ உக்காந்தாதானே எனக்கு ஒசரம் தெரியும்? உக்காந்து, மிதிக்கற மாதிரி மிதி." அவள் வெட்கத்தோடு உட்கார்ந்து, காற்றில் பெடலை மிதித்தாள். மாமா என் தோளை அழுத்திக் குனிந்து அவள் முழங்காலையும் தரையையும் பார்த்தார். "கால்ல அரை விரல் அறுக்கணும். தச்சன்கிட்ட சொல்லு, பின்னங்காலைத் தொடக்கூடாது, முன்னங்கால் மட்டும். சரிவு அப்போதான் நிக்கும்." அத்தனை தெளிவு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா மறுபடி குரலை உயர்த்தினார். "இந்த நாற்காலியை நான் இந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். இவா எடுத்துண்டு வரலை..." முதல் தடவை சொன்னதுபோலவே முழுவதும் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். கிளம்ப எழுந்தபோது மூன்றாம் முறையாக ஆரம்பித்தார். சிலர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். டிரைவரின் மனைவி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல், "ஆமாங்கய்யா, நீங்கதான் குடுத்திய. நாங்க எடுக்கல" என்று பதில் சொன்னாள்.

அன்றோடு என் ஏற்பாட்டைக் கைவிட்டேன். மாமா கொடுத்தால் கொடுக்கட்டும், வாங்குகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அதுவும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. பழைய சிஷ்யன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒருமணி நேரம் புகழ்ந்துவிட்டு, மாமி தினமும் ஏற்றிய வெள்ளிக் குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்க வாய் திறந்தேன். எந்த உரிமையில் தடுப்பது என்று நின்றுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா பூஜை ரூமில் விளக்கைத் தேடினார். "நீங்க கொடுத்துட்டேள் மாமா" என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன். குழந்தைபோல் அழுதார். அந்த மனிதரின் நம்பரைத் தேடி நான் எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தேன். அவர் யாரிடமும் சிஷ்யராக இருந்ததாகத் தெரியவில்லை.

மகன் தன் பையனையும் அழைத்துக்கொண்டு லீவில் வந்தான். மாமா முதலில் அவனை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு பேரனைத்தான் அவன் என்று நினைத்துப் பேசினார். மத்தியானம் அவர் தூங்கின பிறகு ஜன்னலோரம் போய் நின்றான்.

"அக்கா, அப்பா நாற்காலி?"

"கொடுத்துட்டார்."

"நீங்க இங்கே இல்லாதப்பவா?"

"இருந்தேன். நான்தான் கூடப் போய்க் கொடுத்துட்டு வந்தேன்."

கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியைப் படம் எடுக்கக் கேட்டிருந்த சென்னைக்காரர்களுக்கு அவன் என்ன பதில் எழுதுவான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "நீங்க கூட இருந்தேள்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். "அப்பாவை நீங்க பார்த்துக்கற மாதிரி நான்கூடப் பார்த்துண்டிருக்க மாட்டேன்."

அலமாரியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நீங்க கொடுக்கவே இல்லையே மாமா என்று நான் சொன்னதையும், அதற்குப் பிறகு அவர் வயலினை எடுத்து எடுத்துக் கீழே வைத்ததையும். அவன் முகத்தில் பயணக் களைப்பு இருந்தது. இன்னும் சில நாட்களில் திரும்பிப் போக வேண்டியவன். அவன் நிம்மதிக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவ வேண்டியதைவிட அதிக நேரம் கழுவிக்கொண்டு நின்றேன்.